இன்டர்நெட் பில்லில் பாட்டுக் கட்டணம்: யார் பிடிக்கிறார்கள், யாருக்குப் போகிறது?

“நெட் பில்லிலேயே பாட்டுக்கும் சேர்த்துப் பிடிக்கிறாங்க” என்று ஒருவர் சொல்வார். “அது ஃப்ரீ, பெக்கேஜோட வருது” என்பார் இன்னொருவர். மூன்றாமவர் அது அரசாங்க வரி என்று அடித்துப் பேசுவார். ஹட்டன் பஸ்ஸிலும் பண்டாரவளைக் கடைவீதியிலும் இப்படிப் பேசுகிறவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை. மூவரும் மூன்று வேறு விடயங்களைச் சொல்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே பெயர் என்பதால் பேச்சு முடிவதே இல்லை.

வீட்டு இணைய இணைப்புக்கான மாதக் கட்டணத்தோடு இசை கேட்பதற்கான பணத்தையும் சேர்த்து வசூலிப்பது என்றால் என்ன, அந்தப் பணம் யார் கைக்குப் போகும், எந்த இடத்தில் வழி தவறும் என்பதை முதலிலிருந்து பார்ப்போம். சட்டமோ கணினியோ படித்திருக்க வேண்டியதில்லை. சம்பளச் சீட்டும் கொழுந்துக் கணக்கும் தெரிந்திருந்தால் போதும்.

சம்பளச் சீட்டில் தொடங்குவோம்

தோட்டத்துச் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மேலே எத்தனை பெயர் (வேலை நாள்), எத்தனை மேலதிகக் கிலோ என்று வரவு. கீழே பிடிப்புகள்: ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், தொழிற்சங்கச் சந்தா, வாங்கிய முற்பணம், சில தோட்டங்களில் கோயில் பணமும் மரண உதவிச் சங்கப் பணமும். எல்லாவற்றையும் பிடிப்பது ஒரே கந்தோர்தான். ஆனால் பிடித்த பணம் கந்தோரிலேயே தங்குவதில்லை. சந்தா சங்கத்துக்குப் போகிறது. சேமலாப நிதிப் பணம், தோட்டம் தன் பங்காகச் சேர்க்கும் 12 வீதத்தோடு மத்திய வங்கிக்குப் போகிறது.

ஒவ்வொரு பிடிப்புக்கும் பின்னால் ஒவ்வொரு விதி இருக்கிறது. சேமலாப நிதி சட்டப்படி கட்டாயம். சந்தா நீங்கள் சம்மதித்துக் கையெழுத்திட்டால் மட்டும். முற்பணம் நீங்களே வாங்கிய கடன். ஒரே காகிதத்தில் அடுத்தடுத்து அச்சாகியிருப்பதால் இவை ஒரே வகையாகிவிடாது.

இன்டர்நெட் பில்லும் அப்படித்தான். இணையக் கம்பனி ஒரு கந்தோர். அதன் பில்லில் பாட்டு என்ற பெயரில் ஒரு தொகை இருந்தால், முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு என்பதல்ல. இது கட்டாயமா, நான் சம்மதித்ததா, கம்பனி தன் லாபத்திலிருந்து கொடுப்பதா என்றுதான் கேட்க வேண்டும்.

ஒரே பெயரில் உலவும் நான்கு

முதலாவது, பாட்டுக்கான டேட்டா பெக்கேஜ். இது பாட்டின் விலையே இல்லை. பாட்டு உங்கள் போனுக்கு வந்து சேரும் வண்டிக் கூலி. விநாடிக்கு 160 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டால் 72 மெகாபைட் செலவாகும். தினமும் இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 4.3 கிகாபைட். அந்த அளவைத்தான் பெக்கேஜ் விற்கிறது. இதிலிருந்து பாடகருக்கோ இசையமைப்பாளருக்கோ ஒரு சதமும் போகாது. புத்தகம் அனுப்பத் தபாலில் முத்திரை ஒட்டுகிறோம். அந்த முத்திரைப் பணம் எழுத்தாளருக்குப் போவதில்லை அல்லவா, அதுபோல.

இரண்டாவது, சந்தா. ஒரு பாட்டுச் செயலியில் நீங்களாகச் சேர்கிறீர்கள். பணத்தை வங்கி அட்டையில் கட்டாமல் போன் பில்லிலோ ரீலோட்டிலோ வெட்டிக்கொள்ளச் சொல்கிறீர்கள். கம்பனி இங்கே வெறும் காசாளர். போன் அடித்தால் எதிர்முனைக்குப் பாட்டுக் கேட்கும் ரிங்கிங் டோன் சேவையும் இதே வகை. மலையகத்தில் அதிகம் பேர் மனக்கசப்படைவது இந்த இரண்டாவதில்தான். தெரியாமல் ஒரு பட்டனை அழுத்தியிருப்பார்கள். நாளுக்கு ஒரு சிறு தொகை போய்க்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, இணைப்புச் சலுகை. பாட்டுச் சேவையோடு கம்பனி மொத்த விலைக்கு ஒப்பந்தம் போட்டு, தன் வாடிக்கையாளருக்கு “இலவசமாக” கொடுக்கிறது. டென்மார்க்கில் டிடிசி என்ற தொலைத்தொடர்புக் கம்பனி 2008இல் தன் இணைய வாடிக்கையாளர் எல்லோருக்கும் இப்படி ஒரு பாட்டுச் சேவையைத் திறந்துவிட்டது. பிரான்ஸில் ஒரேஞ்ச் கம்பனி 2010இல் டீசர் என்ற பாட்டுச் சேவையோடு சேர்ந்து செய்தது. இந்தியாவில் எயார்டெல் விங்க் என்ற பெயரில் சொந்தச் செயலியையே 2014 முதல் நடத்தி 2024இல் மூடிவிட்டது. இதில் பணம் உண்மையாகவே பாட்டுக்காரர்களிடம் போகிறது. ஆனால் கம்பனி ஒப்பந்தத்தை நிறுத்தும் நாளில் பாட்டும் நிற்கும். டிடிசியிலிருந்து இறக்கி வைத்த பாட்டுகள் வாடிக்கையாளர் விலகியதும் திறக்காமல் போயின.

நான்காவதுதான் இந்தக் கட்டுரையின் மையம், இன்னும் யோசனையாகவே இருப்பது: எல்லா வீட்டு இணைப்பிலும் ஒரு சிறு தொகையைப் பிடித்து, அதற்குப் பதிலாக எந்தப் பாட்டையும் எந்த வழியிலும் கேட்கவும் பகிரவும் அனுமதிப்பது. பாட்டுக்கு உரிமையுள்ளவர்கள் பலரும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே தொகைக்கு மொத்தமாகக் கொடுக்கும் அனுமதியைக் ‘கூட்டு உரிமம்’ என்பார்கள். வானொலி நிலையங்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதி அனுமதி கேட்பதில்லை. கூட்டு உரிமம் எடுத்துக்கொள்கின்றன. அதையே வீடுகளுக்கும் விரித்தால் நான்காவது வகை கிடைக்கும். இலங்கையில் ஒரு காலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருக்கவே லைசன்ஸ் எடுத்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஜெர்மனியில் 2013 முதல் பொது ஒலிபரப்புக்கான கட்டணம் வீட்டுக்கு இவ்வளவு என்றுதான் பிடிக்கப்படுகிறது. வீட்டில் பெட்டி இருக்கிறதா, எத்தனை இருக்கிறது என்றெல்லாம் பார்ப்பதில்லை.

சுருக்கமாக: டேட்டா பெக்கேஜ் வண்டிக் கூலி. சந்தா நீங்கள் வாங்கிய பொருள். சலுகை கம்பனியின் கொடை. கூட்டுக் கட்டணம் எல்லா வீட்டிலும் விழும் பிடிப்பு. பெறுமதி சேர் வரி இவற்றில் எதுவும் அல்ல. அது மேலே தனியாக ஏறும். 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். விலக்குத் தரப்படாவிட்டால் 100 ரூபாய்ப் பாட்டுக் கட்டணம் பில்லில் 118 ஆக நிற்கும்.

ஒரு பாட்டு, இரண்டு சொத்து

பணம் யாருக்கு என்று கேட்கும் முன் பாட்டு யாருடையது என்று தெரிய வேண்டும். நாம் ஒரு பாட்டு என்று சொல்வதற்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரிகளும் மெட்டும் சேர்ந்த ‘படைப்பு’ ஒன்று. அதைப் பாடி, வாசித்து, பதிவுசெய்த ‘ஒலிப்பதிவு’ இன்னொன்று. படைப்பு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரியதாகத் தொடங்குகிறது. ஒலிப்பதிவு பெரும்பாலும் பணம் போட்டுப் பதிவுசெய்தவரிடம் இருக்கிறது. இரண்டையும் ஒப்பந்தத்தில் விற்கலாம், எழுதிக்கொடுக்கலாம்.

2017இல் அமெரிக்காவில் கச்சேரி நடத்திக்கொண்டிருந்த எஸ். பி. பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பிலிருந்து சட்ட நோட்டீஸ் போனது. “பாடியவரே பாடக்கூடாதா?” என்று தமிழ் உலகமே கேட்டது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. ஆனால் கேள்வி ஏன் எழுந்தது என்பதற்கு விடை இந்த இரண்டு சொத்தில் இருக்கிறது. மேடையில் புதிதாகப் பாடும்போது பழைய ஒலிப்பதிவு பயன்படுவதே இல்லை. வரியும் மெட்டும்தான் பயன்படுகின்றன. ஆகவே பேச்சு படைப்புக்கு உரியவரோடு. செயலியில் அதே பாட்டைக் கேட்டால் இரண்டுமே பயன்படுகின்றன, இரண்டு பக்கமும் பணம் போக வேண்டும்.

இலங்கையில் இதற்கெல்லாம் அடிப்படை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். படைப்பாளி வாழும் காலமும், இறந்தபின் 70 ஆண்டுகளும் படைப்புரிமை நீடிக்கும்.

மலையகப் பாட்டுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. அதை அவசரமாகத் தாண்டிப் போக மனம் வரவில்லை. காமன் கூத்துப் பாட்டையும் கொழுந்து பறிக்கும்போது பாடிய பாட்டையும் யார் எழுதினார் என்று கேட்டால் பதில் கிடையாது. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தேடித் தொகுத்தார்கள். தொகுத்தவர் எழுதியவர் ஆகமாட்டார். நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கு அதே சட்டத்தில் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனாலும் ஒரு கூட்டுக் கட்டணம் வசூலாகிப் பங்கு பிரியும்போது, இந்தப் பாட்டின் படைப்புப் பக்கத்தில் பணம் வாங்க ஒரு பெயர் இருக்காது. அதே பாட்டை நேற்று ஸ்டூடியோவில் பதிந்தவருக்கு ஒலிப்பதிவுப் பங்கு கிடைக்கும். பாடியவரும் தப்பு மேளம் அடித்தவரும் என்ன வாங்குவார்கள் என்பது அவர்கள் ஸ்டூடியோவோடு என்ன எழுதிக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் எதுவும் எழுதிக்கொள்வதில்லை.

கொழுந்து நிறுவையும் பாட்டு நிறுவையும்

சொந்தமாகத் தேயிலைத் துண்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி எளிது. பறித்த கொழுந்து சாக்கில் வருகிறது. தராசுக் கொக்கியில் சாக்கை மாட்டுகிறார்கள். சாக்கின் எடை கழிகிறது. மழை நாளென்றால் ஈரத்துக்கும் ஒரு கழிவு. மிச்சக் கிலோவைப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். பிறகு உங்கள் கொழுந்து லொறியில் ஊரார் கொழுந்தோடு கலந்துவிடுகிறது. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அரைத்து வந்த தூளில் எது உங்களுடையது என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. ஏல விலையின் சராசரியை வைத்து, அரசாங்கம் வகுத்த விலைச் சூத்திரப்படி 68 வீதம் கொழுந்து கொடுத்தவர்களுக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. அந்த 68 வீதத்தில் உங்கள் பங்கைத் தீர்மானிப்பது புத்தகத்தில் எழுதிய கிலோ.

பாட்டுச் சேவைகளும் ஏறக்குறைய இதே அளவில்தான் பிரிக்கின்றன. ஸ்பொட்டிபை போன்றவை வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவை உரிமையாளர்களுக்குக் கொடுக்கின்றன. எல்லாப் பணமும் ஒரே தொட்டியில் விழுகிறது. கிலோவுக்குப் பதில் எத்தனை முறை கேட்கப்பட்டது என்பது எடை. பொதுவாக 30 விநாடி ஓடினால்தான் ஒரு தடவை என்று எண்ணுவார்கள். இந்தப் பிரிப்பை ‘மொத்த விகிதப் பங்கு’ என்று வைத்துக்கொள்வோம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. இரண்டு வீடுகள். மாதம் வீட்டுக்கு 100 ரூபாய் பிடிக்கப்படுகிறது. 32 வீதம் செலவுக்குப் போக, வீட்டுக்கு 68 ரூபாய், தொட்டியில் மொத்தம் 136. முதல் வீட்டில் ஒரு பாட்டி மட்டும். மாதத்தில் 100 தடவை கேட்கிறார், அத்தனையும் மலையகப் பாடகர் ஒருவருடைய பாட்டு. இரண்டாவது வீட்டில் மூன்று இளைஞர்கள். 900 தடவை கேட்கிறார்கள், அத்தனையும் சென்னைத் திரைப்பாடல்.

மொத்தம் 1,000 தடவை. மொத்த விகிதத்தில் பிரித்தால் மலையகப் பாடகர் பக்கத்துக்குப் பத்தில் ஒன்று: 13 ரூபாய் 60 சதம். திரைப்பாடல் பக்கத்துக்கு 122 ரூபாய் 40 சதம். பாட்டி கட்டிய 68 ரூபாயில் 54 ரூபாய் 40 சதம் அவர் ஒரு முறையும் கேட்காத பாட்டுகளுக்குப் போய்விட்டது.

இன்னொரு முறையில், ஒவ்வொரு வீட்டுப் பணத்தையும் அந்த வீடு கேட்டவர்களுக்கு மட்டும் பிரிக்கலாம். இதைக் ‘கேட்பவர் வாரிப் பங்கு’ என்று சொல்லலாம். அப்போது பாட்டியின் 68 ரூபாயும் மலையகப் பாடகர் பக்கத்துக்கே. இளைஞர்களின் 68 ரூபாய் திரைப்பாடலுக்கு. மலையகப் பாடகர் பக்கம் வாங்குவது ஐந்து மடங்கு. சவுண்ட்கிளவுட் என்ற பாட்டுச் சேவை 2021இல் சிறு கலைஞர்களுக்கு இந்த முறையை அறிமுகப்படுத்தியது. எல்லா ஊரிலும் சிறியவர்களுக்கு இது ஐந்து மடங்கு தராது. பெரிய பாடகர்களுக்கும் கொஞ்சமாகக் கேட்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் எண்ணிக்கையில் சிறிய, பற்றில் உறுதியான கேட்போர் கூட்டமுள்ள ஓர் இசைக்கு, மலையக இசை போன்ற ஒன்றுக்கு, இந்த ஒரு விதி முழுக் கட்டணத்தையும்விட முக்கியம். கூட்டுக் கட்டணம் வரலாமா என்று விவாதிப்பவர்கள் 100 ரூபாயா 200 ரூபாயா என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். பிரிக்கும் விதியைப் பற்றித்தான் முதலில் சண்டை போட வேண்டும்.

இதுவரை: பணத்தைப் பிடிப்பது கம்பனி, சேர்வது ஒரு தொட்டியில், பிரிவது படைப்பு, ஒலிப்பதிவு என்ற இரண்டு வழியில். எப்படி நிறுக்கிறோம் என்பது யார் வாழ்வார் என்பதைத் தீர்மானிக்கிறது.

நிறுப்பது யார்?

“நான் என்ன பாட்டுக் கேட்கிறேன் என்று கம்பனிக்குத் தெரியும்” என்று பலர் நம்புகிறார்கள். இன்றைய செயலிகள் தகவலைப் பூட்டி அனுப்புகின்றன; இதற்குப் பெயர் குறியாக்கம். உங்கள் இணைப்பிலிருந்து யூடியூபுக்கு இவ்வளவு டேட்டா போய்வந்தது என்று இணையக் கம்பனிக்குத் தெரியும். அதில் ஓடியது சுப்ரபாதமா குத்துப்பாட்டா என்று தெரியாது. பாட்டின் பெயர் தெரிவது செயலி நடத்துபவருக்கு மட்டும்.

இதனால் கூட்டுக் கட்டணத்தில் ஒரு பெரிய ஓட்டை விழுகிறது. பணம் பிடிப்பவரிடம் எடைப் புத்தகம் இல்லை. எடைப் புத்தகம் வைத்திருப்பவர் பணம் பிடிப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாட்டுக்கும், மெமரி கார்டில் ஏற்றிக்கொடுத்த பாட்டுக்கும் புத்தகமே கிடையாது.

பழைய தீர்வு மாதிரிக் கணக்கெடுப்பு. சில வீடுகளைத் தெரிந்தெடுத்து, அவர்கள் கேட்பதைக் குறித்து, நாடு முழுவதும் அப்படித்தான் என்று கொள்வது. ஆயிரம் வீட்டுக்கு ஒரு வீட்டில் கேட்கப்படும் ஒரு பாடகரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரியில் 500 வீடுகள் என்றால், பத்துக் கணக்கெடுப்பில் ஆறில் அவர் பெயர் ஒரு தடவையும் வராது. அந்த மாதங்களில் அவருக்குப் பூச்சியம். எல்லோருக்கும் தெரிந்த பாடகருக்கு இப்படி ஒருநாளும் நடக்காது. மாதிரிக் கணக்கெடுப்பு பெரியவர்களைச் சரியாகவும் சிறியவர்களைத் தாறுமாறாகவும் நிறுக்கும் தராசு.

நிறுத்தபின்னும் பணம் போய்ச்சேராமல் நிற்பதுண்டு. பெயர் பொருந்தாததால், பதிவு இல்லாததால். அமெரிக்காவில் பாட்டுச் சேவைகளிடம் இப்படி உரியவர் தெரியாமல் தேங்கிக் கிடந்த படைப்புப் பணம் 2021 பெப்ரவரியில் புதிய வசூல் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. தொகை 42 கோடி 40 லட்சம் டொலர்.

ஐந்து டொலர் யோசனை

கூட்டுக் கட்டணம் என்ற எண்ணம் புதிதல்ல. ஒலிநாடாக்கள் வந்த காலத்திலேயே ஜெர்மனி 1965ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒலிப்பதிவுக் கருவிகளின் விலையோடு ஒரு தொகையைச் சேர்த்தது. வீட்டில் நகலெடுப்பதைத் தடுக்க முடியாது, ஆகவே கருவி விற்கும்போதே படைப்பாளிக்கு ஒரு பங்கு எடுத்துவிடு என்பது வாதம். கனடாவில் வெறும் சீடி ஒன்றுக்கு 29 சதம் வரை பிடித்தார்கள்.

பிறகு இணையம் வந்தது, பாட்டுகள் காசில்லாமல் பறந்தன. 2004இல் அமெரிக்காவின் எலெக்ட்ரோனிக் ஃப்ரொன்டியர் பவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு மாதம் 5 டொலர் கட்டி எதையும் பகிரலாம் என்ற திட்டத்தை முன்வைத்தது. விரும்பியவர் மட்டும் சேரலாம். 2007இல் கனடாப் பாடலாசிரியர் சங்கம் இணைய இணைப்பு ஒவ்வொன்றிலும் மாதம் 5 கனடிய டொலர் பிடிக்கச் சொன்னது. பிரான்ஸில் 2005 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் கீழவை இதே போன்ற ஒரு திருத்தத்துக்கு வாக்களித்தே விட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அது நீக்கப்பட்டது.

ஏன் எங்கும் நிலைக்கவில்லை? பாட்டே கேட்காத வீடு ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை. பெரிய ஒலிப்பதிவுக் கம்பனிகள் தங்கள் விலையைத் தாங்களே வைக்க விரும்பின. இணையக் கம்பனிகளுக்கோ வசூல்காரர் வேலை பிடிக்கவில்லை. பில் ஏறினால் ஏச்சு வாங்குவது அவர்கள். இதற்கிடையில் 2008 ஒக்டோபரில் ஸ்பொட்டிபை திறந்தது. வேண்டியவர் மட்டும் கட்டும் சந்தா முறை வேகமாகப் பரவியது. 2021 பெப்ரவரியில் ஸ்பொட்டிபை இலங்கைக்கும் வந்தது. நான்காவது வகைக்கான இடத்தை இரண்டாவதும் மூன்றாவதும் பிடித்துக்கொண்டன.

லயனில் பில் ஏது?

வெளிநாட்டில் எழுதிய திட்டங்கள் எல்லாம் ஒரு வீடு, ஒரு இணைப்பு, மாத முடிவில் ஒரு பில் என்று கற்பனை செய்கின்றன. நுவரெலியா நகரத்தில் ஃபைபர் போட்ட வீட்டுக்கு அது பொருந்தும். தோட்டத்து வரிசை வீடுகளான லயனில் பெரும்பாலும் பில்லே கிடையாது, ரீலோட்தான். ஒரு வீட்டில் மூன்று சிம் இருக்கும், மாதக் கடைசியில் மூன்றிலும் பணம் இருக்காது. சில லயன்களில் ஒருவர் 4ஜி ரவுட்டர் வைத்திருப்பார், பக்கத்து மூன்று காம்பிராவும் அதில் தொங்கும்.

இணைப்பு வாரியாகப் பிடித்தால் மூன்று சிம் உள்ள ஏழை வீடு மூன்று தடவை கட்டும். ரவுட்டர் வாரியாகப் பிடித்தால் ஒருவர் நான்கு குடும்பத்துக்கும் கட்டுவார். ரீலோட்டில் வீதமாகப் பிடித்தால் மகன் கொழும்பிலிருந்து பேசுவதற்காகப் போட்ட 100 ரூபாயிலும் பாட்டுக்கு வெட்டு விழும். பில் கட்டும் வீட்டில் மட்டும் பிடிப்பது இருப்பதில் குறைந்த தீங்கு; ரீலோட்டைத் தொடவே கூடாது.

பில்லைக் கையில் எடுத்தால்

இன்று உங்கள் பில்லில் பாட்டு, மியூசிக், டோன், பெறுமதி சேர் சேவை என்று ஏதாவது தெரிந்தால், கம்பனியின் செயலியைத் திறந்து இயக்கத்தில் உள்ள சேவைகளின் பட்டியலைப் பாருங்கள். செயலி இல்லாவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, “என் எண்ணில் எந்தெந்தச் சேவை இருக்கிறது, எந்தத் தேதியில் சேர்ந்தது, எந்த வழியில் சேர்ந்தது?” என்று மூன்றையும் கேளுங்கள். தேதி முக்கியம், பணத்தைத் திருப்பிக் கேட்க அதுதான் பிடி. நிறுத்தியதற்கான எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள். கம்பனி தீர்க்காவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுத அந்த எஸ்எம்எஸ்ஸும் பில்லும் வேண்டும்.

இலவச மாதம் என்று சேர்ந்திருந்தால் முடியும் நாளுக்கு இரண்டு நாள் முன் போனில் நினைவூட்டல் வையுங்கள். செயலியை அழித்தால் சந்தா நிற்காது. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சந்தா இருப்பது கம்பனியின் கணக்கில், உங்கள் போனில் அல்ல.

இன்னொன்று. வீட்டுச் சந்தா வீட்டுக்குத்தான். சலூனில், பஸ்ஸில், தேர்த் திருவிழா ஒலிபெருக்கியில் அதே செயலியிலிருந்து பாட்டுப் போடுவது பொது இசைப்பு. அதற்குத் தனி உரிமம் வேண்டும். பில்லில் கட்டிவிட்டோமே என்பது அங்கே செல்லாது.

பாடுகிறவர்கள் பக்கத்தில்

எந்த வகைக் கட்டணம் வந்தாலும், தொட்டியிலிருந்து பணம் உங்களைத் தேடி வர ஒரு முகவரி வேண்டும். ஒலிப்பதிவுக்கு அந்த முகவரி ஐஎஸ்ஆர்சி என்ற, எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட குறியீடு. பாட்டைச் செயலிகளுக்கு அனுப்பும் விநியோகஸ்தர் அதைத் தருவார். அதே பாட்டை மேடையில் பாடிப் பதிந்தால் அதற்கு வேறு குறியீடு. படைப்புக்கு ஐஎஸ்டபிள்யூசி என்று தனிக் குறியீடு. அது படைப்பாளிகளுக்காகப் பணம் வசூலிக்கும் சங்கத்தில் பதிந்தால் கிடைக்கும். முதலாவதை எடுத்துவிட்டு இரண்டாவதை மறப்பவர்கள் அதிகம். அவர்களுக்குப் படைப்புப் பக்கத்துப் பணம் வராமல் போகும்.

பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் வையுங்கள். ஒரு பாட்டில் முதலெழுத்தோடு, இன்னொன்றில் முதலெழுத்தில்லாமல், மூன்றாவதில் ஊர்ப் பெயரோடு போட்டால் கணினிக்கு அது மூன்று ஆள். திரைப்பாடலின் கரோக்கி இசை மேல் பாடி யூடியூபில் ஏற்றினால் தானியங்கிக் கண்டுபிடிப்பு அந்த இசையை அடையாளம் கண்டு, வரும் பணத்தை ஒலிப்பதிவு உரிமையாளரிடம் திருப்பிவிடலாம். ஸ்டூடியோக்காரரின் சேனலில் ஏற்றினால் பணம் சேனல் வைத்திருப்பவருக்கு வரும். ஸ்பொட்டிபையில் 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்குப் பணமே இல்லை. பத்துப் பாட்டை அரைகுறையாக ஏற்றுவதைவிட இரண்டை ஒழுங்காக ஏற்றி ஊராரைக் கேட்கவைப்பது மேல்.

பதிவு நடக்கும் அன்றே, மைக்கை அணைக்கும் முன், ஒரு தாள் எழுதுங்கள். பாட்டின் பெயர், தேதி, வரி யார், மெட்டு யார், பாடியது யார், தப்பு யார், உறுமி யார், ஸ்டூடியோவுக்குப் பணம் கொடுத்தது யார். படைப்புக்கு ஒரு பத்தி, ஒலிப்பதிவுக்கு ஒரு பத்தி. ஒவ்வொன்றிலும் வீதங்களைக் கூட்டினால் 100 வர வேண்டும். நாட்டார் பாட்டு என்றால் வரிக்கும் மெட்டுக்கும் நேரே “மரபு” என்று எழுதி, புதிதாக என்ன சேர்த்தீர்கள் என்பதை மட்டும் உங்கள் பெயரில் போடுங்கள். எல்லோரும் அடையாள அட்டை எண்ணோடு கையெழுத்திட்டு, ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போன் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். நம் பக்கத்தில் சிம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறுகிறது. வங்கிக் கணக்கு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.